பாடாங் செராயில் ஒரு வெல்டிங் பயிற்சி மையம்: ராடு எரிய விடுகிறார்களா என்று முதலில் பாருங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் டவுனில் கடைவீட்டு வரிசையின் மூலையில், கீழே பட்டறையும் மேலே வகுப்பறையுமாக ஒரு தனியார் தொழில்திறன் பயிற்சி மையம் நடக்கிறது. வெல்டிங், வீட்டு வயரிங், பெண்களுக்கு அழகுக்கலை என்று மூன்று வகுப்புகள். என் தம்பி அங்கே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழுக்கு வெல்டிங் இரண்டாம் நிலையை முடித்துவிட்டு இப்போது மூன்றாம் நிலையில் இருக்கிறான். எங்கள் தாமான் குடியிருப்பிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் "அங்க பையனைச் சேர்க்கலாமா அக்கா?" என்று கேட்காத ஆளில்லை, ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரி சின்ன மையங்களில் சாதாரணமாக இருப்பவைதான். பேரைப் போட்டால் ஆளாளுக்கு அந்த ஒரு இடத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள், தங்கள் பிள்ளை படிக்கும் இடத்தை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நான் கூலிம் ஹைடெக் பார்க்கில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களின் கையில் ஸ்பேனர் எப்படி உட்காருகிறது என்று பார்த்தே பாதி சொல்லிவிடலாம். அதனால் மையத்தைப் பார்க்கப் போனபோது வரவேற்பறை, ஏர்கான், சுவரில் மாட்டிய பட்டமளிப்புப் படம் இதிலெல்லாம் எனக்கு அக்கறை இல்லை. நேரே பட்டறைக்குப் போய்க் குப்பைத்தொட்டியைத்தான் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. வெல்டிங் என்பது கை பழக வேண்டிய வேலை. உருகி இரும்பை ஒட்ட வைக்கும் ராடுக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியைக் கை நடுங்காமல் வைத்திருக்க வேண்டும், ராடு எரிந்து குட்டையாகக் குட்டையாகக் கையும் அதே வேகத்தில் கீழே இறங்க வேண்டும், அதே நேரத்தில் கண் நெருப்பைப் பார்க்காமல் அதன் பின்னால் உருகி நிற்கும் குழம்பைப் பார்க்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கிலோ கிலோவாக ராடு எரித்தால்தான் வரும். ஆனால் ராடுக்குக் காசு, இரும்புத் தகட்டுக்குக் காசு, கரண்டுக்குக் காசு. ஒரு மையத்துக்கு எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றினால் முதலில் கை வைப்பது இங்கேதான். பையன்கள் மேலே உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தால் முதலாளிக்குச் செலவே இல்லை. கட்டணம் மட்டும் அப்படியே வந்துவிடும்.

இந்த மையத்தின் குப்பைத்தொட்டி நிறைந்து வழிந்தது. விரல் நீளத்துக்கு எரிந்து முடிந்த ராடு துண்டுகள், வெல்டிங் மேல் படிந்து தட்டி எடுத்த கசடு, இரண்டு பக்கமும் வெல்டிங் போட்டுப் போட்டு இனி இடமே இல்லாமல் போன தகடுகள். அங்கேயே எனக்குப் பாதி மனசு வந்துவிட்டது. பக்கத்துத் தொழிற்பேட்டையில் கேட், கிரில் செய்யும் பட்டறைகளிலிருந்து வெட்டுத் துண்டுகளைப் பேசி வாங்கி வருகிறார்களாம், அதனால் தகடு விஷயத்தில் கஞ்சத்தனம் இல்லை. வேறு ஊரில் ஒரு மையத்தில் என் தோழியின் தம்பிக்கு வாரத்துக்கு இத்தனை ராடு என்று எண்ணிக் கொடுத்தார்களாம். ரேஷன் அரிசியா அது?

இனி பயிற்றுநர். இந்த இடத்தின் உயிரே அவர்தான், அவர் போனால் மையத்தைப் பூட்டிவிடலாம். பல வருடம் ஜொகூரில் எண்ணெய் ஆலைகள் இருக்கும் பெங்கெராங்கில் பைப் வெல்டராக இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பியவர். வாய் கொஞ்சம் மோசம். பையன்களை "டேய் தண்டம்" என்று கூப்பிடுவார், சில அம்மாக்களுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்கும் விதம் இருக்கிறதே, அதை நான் நின்று பார்த்தேன். ஒரு பையன் இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் போட்டுக் கொண்டுவந்தான். மேலே பார்க்க அழகாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்த காசு வரிசை மாதிரி இருந்தது. பையன் முகத்தில் ஒரே பெருமை. சார் ஒன்றும் பேசவில்லை. அதை வைஸில் மாட்டினார், பெரிய சுத்தியலால் நாலு போடு போட்டார், தையல் அப்படியே பிளந்துகொண்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, முழு நீளத்துக்கும். முதல் வரிசை போட்ட பிறகு கசடைச் சரியாகத் தட்டி எடுக்காமல் அதற்கு மேலேயே இரண்டாம் வரிசையை ஓட்டியிருக்கிறான். "இது தண்ணித் தொட்டியா இருந்தா ஒழுகும். ஏணியா இருந்தா ஒருத்தன் செத்துப்போவான். மறுபடி போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பூத்துக்குப் போய்விட்டார். அந்தப் பையன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வயர் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேர பவர்பாயிண்ட் பாடம் இதைச் செய்யுமா சொல்லுங்கள்.

இந்தச் சுத்தியல் பரிசோதனை வேடிக்கை இல்லை. வேலைக்குப் போகும் இடத்தில் இதைத்தான் இன்னும் முறையாகச் செய்வார்கள், வெல்டிங் போட்ட தகட்டிலிருந்து பட்டை பட்டையாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், வெடிப்பு விட்டால் போச்சு. நம் ஆட்கள் பலருக்கு இது புரிவதில்லை. எஸ்.கே.எம். சான்றிதழ் கையில் இருந்தால் கம்பெனிக்காரன் கூப்பிட்டு நாற்காலி போடுவான் என்று நினைக்கிறார்கள். சான்றிதழ் நேர்முகத் தேர்வு வரைக்கும்தான் கூட்டிப் போகும். இரும்புக் கட்டமைப்பு செய்யும் ஃபேப்ரிகேஷன் யார்டில் கையில் ஒரு தகட்டையோ பைப்பையோ கொடுத்து, போட்டுக் காட்டு என்பார்கள். தட்டையாக வைத்துப் போடுவது 1ஜி, அது யாருக்கும் வரும். செங்குத்தாக நிறுத்திப் போடுவது 3ஜி. தலைக்கு மேலே 4ஜி, நெருப்புப் பொறி கழுத்துக்குள் விழும். பைப்பை 45 டிகிரி சாய்த்துக் கட்டிவிட்டு, அதை நகர்த்தாமல் சுற்றிலும் போடச் சொல்வது 6ஜி, எண்ணெய் எரிவாயு வேலைகளில் நல்ல சம்பளம் அதற்குத்தான். இந்த மையத்தில் இரண்டாம் நிலைப் பையன்கள் 3ஜி வரைக்கும் உருப்படியாகப் போடுகிறார்கள். 6ஜி மையத்தின் விளம்பரப் பேனரில் மட்டும் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஆர்கான் கேஸ், அந்த கேஸை வைத்து வெல்டிங் போடும் டிக் மெஷின் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு மெஷின், அதுவும் மூன்றாம் நிலைப் பையன்கள் முறை வைத்துத்தான் தொடுகிறார்கள். பேனரைப் பார்த்துவிட்டு நேரே பெங்கெராங் போய்விடலாம் என்று கனவு காணாதீர்கள்.

குறைகளுக்கு வருகிறேன்.

முதலாவது புகை. ஒரே ஒரு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன். மழை பெய்து ரோலர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் உள்ளே ஆள் முகம் தெரியாது. வெல்டிங் புகை நெஞ்சுக்கு நல்லதில்லை, அதிலும் துத்தநாகம் பூசிய இரும்பில் போட்டால் அன்று ராத்திரியே காய்ச்சல், உடம்புவலி எல்லாம் வரும். அலுவலகத்தில் கேட்டேன், "மானியம் வந்ததும் மாட்டிவிடுவோம்" என்றார்கள். ஒரு ஃபேன் வாங்க மானியத்துக்குக் காத்திருப்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. முகக்கவசமும் சில பழசு, கண்ணாடி கீறல் விழுந்தது, என் தம்பி சொந்தக் காசில் தானாக இருட்டாகும் கவசம் ஒன்று வாங்கிக்கொண்டான். முதல் மாதத்தில் ஒருநாள் கவசத்தை இறக்காமல் பக்கத்துப் பையன் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் கொட்டியது போல இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தான். அம்மா தாய்ப்பால் விடச் சொன்னார், பாட்டி உருளைக்கிழங்கு வைக்கச் சொன்னார், நான் கிளினிக்குக் கூட்டிப் போனேன்.

இரண்டாவது, 7018 ராடுகளை வைத்திருக்கும் விதம். அந்த வகை ராடு ஈரம் பட்டால் கெட்டுவிடும், சூடான அடுப்புப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் புகுந்து பின்னால் வெடிப்பு விடும். இங்கே அடுப்புப் பெட்டி இருக்கிறது, ஆனால் பிளக் போடாமல் அதற்குள் பையன்களின் கையுறைகளை வைத்திருந்தார்கள். ராடு வெளியே பிஸ்கட் டின்னில். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது ஒரு நாள் தாங்காது. சாதாரண 6013 ராடில்தான் பெரும்பாலும் பயிற்சி என்பதால் பெரிதாகத் தெரியவில்லை. ஆனாலும் கெட்ட பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்து அனுப்பக்கூடாது இல்லையா?

மூன்றாவதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த விஷயம். சேர்க்கும்போது "இலவசம், ஒரு காசு கட்ட வேண்டாம்" என்று பேசுகிறார்கள். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படிவத்தை வாங்கிப் படித்துப் பார்த்தால் அது பி.டி.பி.கே. கடன். அதாவது திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் பயிற்சிக் கட்டணத்துக்குக் கொடுக்கும் கடன், பையன் பேரில் எழுதுவது, படித்து முடித்தபின் அவன்தான் திருப்பிக் கட்ட வேண்டும். கடன் வாங்குவது தப்பே இல்லை, கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது பெரிய உதவி, நானும் அதைத்தான் எடுக்கச் சொன்னேன். ஆனால் கடனைக் கடன் என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறும் தோட்டத்துப் பெற்றோரிடம் "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்று காட்டி வாங்குவது அயோக்கியத்தனம். கேட்டதற்கு, அது வெளி ஏஜெண்டு செய்தது என்றார்கள். ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது யாராம்? பாதியில் நின்றுபோன பையன்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் பேரில் எழுதிய கடன் என்ன நிலைமையில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

பாதியில் நிற்பது என்றதும் ஞாபகம் வருகிறது. கூலிம், பிறை பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடிக்கும் வேன் தினமும் காலையில் தாமான் வாசலிலேயே வந்து நிற்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், அதோடு ஓவர்டைம் சேர்ந்தால் பதினெட்டு வயசுப் பையனுக்கு அது பெரிய காசு. பயிற்சியில் ஒரு வருடம் கையில் காசில்லாமல் உட்காருவதா, இல்லை வேனில் ஏறி அடுத்த மாதமே மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டுவதா? வேனில் ஏறுபவனை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. ஆனால் நான் உள்ளே இருந்து பார்க்கிறேன், அந்த வேனில் பத்து வருடத்துக்கு முன்னால் ஏறிய அண்ணன்கள் இன்றைக்கும் அதே லைனில்தான் நிற்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் அவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு பையன் மூன்று நாள் வராவிட்டால் மையத்தின் அலுவலகம் கண்டுகொள்வதில்லை, சார்தான் தன் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுகிறார். அது அவருடைய வேலையே இல்லை.

நிலைகள் பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., ஒன்றிலிருந்து மூன்று நிலை வரை. நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. இதைக் கொடுப்பது மனிதவள அமைச்சின் கீழ் இருக்கும் திறன் மேம்பாட்டு இலாகா, ஜே.பி.கே. என்பார்கள். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டவனும் சேரலாம், மலாய் எழுதப் படிக்கத் தெரிந்தால் கீழ்நிலையில் தொடங்கிவிடலாம். இதற்கென்று 2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டமே வந்துவிட்டது, ஆனால் இன்னும் நம் வீடுகளில் "படிப்பு ஏறாதவன் போற இடம்" என்ற பேச்சு போகவில்லை. அங்கீகாரம் மையத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். வெல்டிங் இரண்டாம் நிலைக்கு அங்கீகாரம் இருக்கும், வயரிங் மூன்றாம் நிலைக்கு இருக்காது, பேனரில் எல்லாம் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். ஜே.பி.கே.யின் மைஸ்பைக் தளத்தில் மையத்தின் பேரைத் தட்டினால் எதற்கு அனுமதி இருக்கிறது, எப்போது முடிகிறது என்று பார்க்கலாம். நம்ம மையத்தில் வெல்டிங் இரண்டாம், மூன்றாம் நிலை இரண்டுக்கும் சரியாக இருந்தது. பார்த்த பிறகுதான் தம்பியைச் சேர்த்தேன்.

மதிப்பீடு முழுக்க முழுக்கக் கோப்பு வேலை. போர்ட்ஃபோலியோ என்று ஒரு தடித்த ஃபைல், ஒவ்வொரு வேலைக்கும் தாள், படம், கையெழுத்து. உள்ளே ஒருவர் சரிபார்த்தபின், ஜே.பி.கே. அனுப்பும் வெளி அதிகாரி வந்து பார்ப்பார். எல்லாம் மலாய்மொழியில். கிரைண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் பையன், "இந்த வேலையின் படிகளை விளக்குக" என்ற கேள்வியைப் பார்த்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். பல இடங்களில் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள், பழைய பையனின் ஃபைலைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்வது. இங்கே அது நடக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மாலையில் ஒரு டீச்சர், இடைநிலைப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வந்து உட்காருகிறார். பையன் தமிழில் சொல்லச் சொல்ல, "அதையே மலாய்ல எப்படிச் சொல்லுவ, கடையில பேசுற மாதிரி சொல்லு" என்று கேட்டு அவன் வாயாலேயே வரவைத்து எழுத வைக்கிறார். அவருக்கு மையம் ஏதோ பெட்ரோல் காசு மட்டும் கொடுக்கிறது போல. என் தம்பி எஸ்.பி.எம். மலாய்த் தாளில் எழுதியதைவிட இந்த ஃபைலில் எழுதியது அதிகம்.

வயரிங் வகுப்பு எனக்குத் திருப்தியாக இல்லை. பலகையில் சுவிட்ச், விளக்கு, பிளக் பாயிண்ட் மாட்டிக் கழற்றுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வயரில் கரண்டு கசிகிறதா என்று சோதிக்கும் மெக்கர் ஒன்றுதான், அதுவும் அலமாரிக்குள் பூட்டு. வாட்டர் ஹீட்டருக்கு ஏன் 10 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் போடுகிறோம் என்று இரண்டு பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் சிரித்தான், இன்னொருவன் "அது ரூல்ஸ்" என்றான். குளிக்கும்போது ஈர உடம்பில் கரண்டு பாய்ந்து எத்தனை பேர் செத்திருக்கிறார்கள், அதைச் சொல்லிக் கொடுக்காமல் என்ன வயரிங்? இன்னொன்றும் கவனியுங்கள். "வயர்மேன் ஆகலாம்" என்று பேனரில் போட்டிருக்கிறது. எஸ்.கே.எம். வேறு, எரிசக்தி ஆணையம், அதான் சுருஹன்ஜயா தெனாகா, கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் வேறு. ஒற்றை ஃபேஸ், மூன்று ஃபேஸ் என்று பிரித்து ஆணையம் கொடுக்கும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வீட்டு வயரிங்கில் வயர்மேன் என்று கையெழுத்துப் போட முடியாது. உங்கள் வகுப்பு அந்தச் சான்றிதழ் வரைக்கும் கொண்டுபோகுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நான் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்கள்.

அழகுக்கலை மேல்மாடியில் நன்றாகவே நடக்கிறது, தீபாவளி நேரத்தில் அந்தப் பிள்ளைகளே மணப்பெண் அலங்காரத்துக்கு ஆர்டர் எடுத்து ஓடுகிறார்கள். என் வருத்தமெல்லாம், பெண் என்றாலே நேரே மேல்மாடிக்கு அனுப்பிவிடுவதுதான். வயரிங்கில் ஒரே ஒரு பெண், அவள் கட்டிய, வயரை மூடும் டிரங்கிங்தான் அந்த அறையிலேயே நேராக இருந்தது. வெல்டிங்கில் ஒருத்தியும் இல்லை. டிக் வெல்டிங்குக்கு வேண்டியது பொறுமையும் நிதானமான கையும், அது பெண்களுக்கு இல்லையா என்ன? எங்கள் தொழிற்சாலையில் என்னைப் பார்த்து "நீ கழட்டுவியா?" என்று கேட்ட அண்ணன்கள் இப்போது மெஷின் நின்றால் என் பேரைத்தான் வாக்கிடாக்கியில் கூப்பிடுகிறார்கள்.

தூரத் தோட்டங்களிலிருந்து வரும் பையன்களுக்கு ஒரு டெரஸ் வீட்டை வாடகைக்கு எடுத்து ஹாஸ்டல் என்கிறார்கள். ஆள் அதிகம், கழிவறை ஒன்று. அவ்வளவுதான் சொல்வேன். பஸ் என்று ஒன்று இந்தப் பக்கம் நம்பும்படி இல்லை, மோட்டார் சைக்கிளும் லைசென்சும் இல்லாதவன் ஹாஸ்டலில்தான் இருந்தாக வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, பக்கத்துக் கடையில் ரொட்டி சானாயும் மதியத்துக்குக் கஞ்சிக்காரம்மா சாப்பாடும் கடனுக்கே கிடைக்கிறது.

தனியாருக்குப் போகும் முன் அரசாங்க இடங்களைக் கேட்டுப் பாருங்கள், ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். கூலிமிலேயே ஆட்டெக் என்ற உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது, புக்கிட் மின்யாக்கில் ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, இரண்டும் மனிதவள அமைச்சைச் சேர்ந்தவை. மெஷின்களைப் பார்த்தால் நம்ம கடைவீட்டு மையம் பக்கத்திலேயே நிற்க முடியாது, கட்டணமும் தனியாரை விட எவ்வளவோ குறைவு. விண்ணப்பம் அரசாங்கத் தொழிற்பயிற்சிச் சேர்க்கைக்கான யு.பி. டிவெட் தளத்தில் ஆன்லைனில்தான். எங்கள் பிள்ளைகள் அங்கே குறைவாக இருப்பதற்கு இடம் கிடைக்காததை விட, எஸ்.பி.எம். முடிவு வந்து எல்லோரும் விண்ணப்பித்து முடித்தபின் இவர்கள் விசாரிக்கத் தொடங்குவது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. கிடைக்கவில்லை, எஸ்.பி.எம்.மில் ஒன்றுமே தேறவில்லை, வீட்டை விட்டு தூரம் போக முடியாது, இந்த மூன்றில் ஒன்று என்றால் இந்த மையம்.

வேலை செய்துகொண்டே படிக்கிற வழியும் இருக்கிறது. எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறை, 2005இலிருந்து நடக்கிறது, பயிற்சியில் 70இலிருந்து 80 விழுக்காடு வேலையிடத்தில், மிச்சம் மையத்தில். வேலையிடம் கையில் கொஞ்சம் படிக்காசும் கொடுக்கும். வேன் ஏறும் பையன்களுக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது, ஆனால் நம்ம மையம் இதை நடத்தவில்லை, நடத்தும்படி ஊரில் யாரும் கேட்கவுமில்லை. இன்னொன்று அப்பாக்களுக்கு, சித்தப்பாக்களுக்கு. ரப்பர் மரம் போய் செம்பனை வந்ததும் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, இருபது வருடமாக கேட், கிரில் செய்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு துண்டுச் சான்றிதழ் இல்லாமல்! அவர்கள் வகுப்பில் உட்கார வேண்டியதே இல்லை. பி.பி.டி. என்று அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது, செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்டி ஃபைல் தயாரித்துக் கொடுத்து மதிப்பீட்டில் தேறினால் அதே எஸ்.கே.எம். கிடைக்கும். எங்கள் சித்தப்பாவுக்கு இப்போது அந்த டீச்சர்தான் ஃபைல் எழுத உதவிக்கொண்டிருக்கிறார். பழைய வேலைகளைப் படமெடுக்க, கோயில் கோயிலாகப் போய்த் தான் செய்த கேட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் சித்தப்பா.

நட்சத்திரம் போட வேண்டுமென்றால் வெல்டிங்குக்கு நாலு, வயரிங்குக்கு இரண்டு, அலுவலகத்துக்கு ஒன்று, அதுவும் அந்த வரவேற்பறைத் தங்கச்சி போனை எடுத்து மரியாதையாகப் பேசுகிறாள் என்பதற்காக. படித்து முடித்த பையன்களுக்கு வேலை வாங்கிக் கொடுப்போம் என்று சொல்வதை நம்பி உட்காராதீர்கள். போன செட்டில் வேலைக்குப் போனவர்களை அனுப்பியது பெரும்பாலும் சாரின் பழைய நண்பர்கள்தான், பிறையிலும் பாசிர் கூடாங்கிலும். கட்டுமான இடத்துக்குப் போவதென்றால் சி.ஐ.டி.பி. என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டையும் எடுத்துவிடுங்கள், அது இல்லாமல் சைட் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், மையத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள், மேலே வகுப்பறையில்தான் இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள், சனிக்கிழமை பட்டறை கிடையாது. மூடிய சப்பாத்து போட்டுப் போங்கள், சிலிப்பரோடு வந்தால் சார் வாசலைத் தாண்ட விடமாட்டார். படிவத்தை அங்கேயே நிரப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். யாரும் படித்துச் சொல்ல ஆளில்லையென்றால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், இரவு ஷிஃப்ட் இல்லாத நாளில் பார்த்துச் சொல்கிறேன்.